வெண்பாவும் விளையாட்டும்

கணினி விளையாட்டு என்றாலே இலக்கிய வாசகர்களாகிய நாம் முகம் சுளிக்கிறோம். துப்பாக்கிச் சத்தமும் மாணவரின் தூக்கக் கேடும் தவிர அதில் ஏதுமில்லை என்பது நம் பொது எண்ணம். 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யக் கோருகிறது.

கனடாவின் டொராண்டோ நகரில், அபி என்பவர் தலைமையில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு இதனை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1988இல் கனடாவில் தொடங்கும், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை இது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்தா விருதையும் இது பெற்றது.

ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழாயில் எதன்மேல் எதை இடுவது என்று, அழிந்த இடங்களை ஊகித்து நிரப்ப வேண்டும். தமிழிலிருந்து விலகி வளர்ந்த மகன் பின்னாளில் அதே ஏட்டின் முன் நிற்கிறான். மொழி இழப்பு இங்கே வசனமாகச் சொல்லப்படவில்லை. ஆட்ட விதியாகவே அமைந்துவிட்டது. இதுவே நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

இரண்டாவது பாடம் அளவு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இது குறை என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஈற்றடி முச்சீர், ஏனைய அடி நாற்சீர், வெண்டளையன்றிப் பிற தளை புகாது என்ற கட்டுக்குள் நின்றே வெண்பா செறிவு பெறுகிறது. சிறு குழுவுக்கும் கைப்பொருளின் எல்லையே யாப்பு.

சிதைந்த ஏட்டை நிரப்புவது தமிழ் படித்தவர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அடிகள் சிதைந்த பாடல்களும் பல. பாடவேறுபாடு நோக்கவும் சூழல் கொண்டு பொருள் உய்த்துணரவும் நம் மாணவர் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் அப்பயிற்சிக்கு ஆசிரியப் பணியன்றி வேறு வழியில்லை என்றே அவர்களுக்குச் சொல்லி வருகிறோம்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அச்சு என்ற அக்காலத் தொழில்நுட்பத்தை அறிஞர்கள் அந்நியமென்று ஒதுக்கவில்லை, ஏடுகள் நூல்களாயின. இன்று மதுரையைச் சுற்றிக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் அருகருகே இருந்தும், தமிழ் மாணவரும் கணினி மாணவரும் ஒரு மேசையில் அமர்வது அரிதாகவே உள்ளது. முதுகலை ஆய்வேட்டுக்கு மாற்றாக, இருதுறை மாணவரும் இணைந்து ஒரு மணி நேர ஆட்டமொன்றை உருவாக்கலாம் என்று நம் பாடத்திட்டக் குழுக்கள் அனுமதித்தால் என்ன? மேலூர்ப் பக்கத்து வயற்காட்டுக் கதையோ பாட்டியின் விடுகதையோ அதற்குப் போதும். சங்கம் வளர்த்த நகரம் என்று மேடையில் முழங்கும் நாம், டொராண்டோவில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.