றப்பர் மாதிரி ஒரு சாமான்

கடுகண்ணாவைக் கணவாயை ஒருமுறையேனும் வாகனத்தில் இறங்கியவர்களுக்கு அந்த வீதியைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. கண்டியிலிருந்து கொழும்பு நோக்கி வருகையில், பிலிமத்தலாவையின் பித்தளைப் பாத்திரக் கடைகளைக் கடந்து, 1832 இல் கெப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரத்தையும் பாறையைக் குடைந்த பழைய வழியையும் தாண்டியதும் வீதி வளைந்து வளைந்து பள்ளத்தில் இறங்கும். வாகனத்தின் பிரேக்கைப் பற்றி அதுவரை நினைக்காதவனும் அங்கே நினைப்பான்.

சில மாதங்களுக்கு முன்னர் மாவனல்லையில் ஒரு மரண வீட்டுக்குச் செல்வதற்காக நானும் மனைவியும் எமது மொறிஸ் மைனரில் அந்த இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையில் போய் முட்டியது. இரண்டாவது தடவை மிதித்தேன். அதே கதி. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வீதியோரக் கட்டில் வாகனத்தை உரசவிட்டு நிறுத்தினேன். எதிரே வந்த பஸ்ஸின் சாரதி நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்கியிராவிட்டால் இதனை நான் எழுதியிருக்கமாட்டேன். மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பின்னரே, "இனி அந்தக் காரில் நான் ஏறமாட்டேன்" என்றார்.

இந்த வாகனம் 1959 ஆம் ஆண்டுக்குரியது. எனது தந்தையார் வாங்கியது. அதன் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அந்த ஓர் எழுத்துக்காக 1957 இலும் 1958 இலும் இந்த நாட்டில் நடந்தவற்றை எழுதப் புகுந்தால் அது வேறு கட்டுரையாகிவிடும். இங்கு நான் சொல்லவந்தது வேறு விடயம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதலாவது கார் அதுதான். அதன் பிரேக் ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான். இன்றைய வாகனங்களில் ஒரு சுற்றுப் பழுதடைந்தால் மற்றையது காப்பாற்றும். மைனரிலோ ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் உள்ள, பெருவிரல் அளவேயான இறப்பர்க் கிண்ணம் ஒன்று கிழிந்தால் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும். அந்தக் கிண்ணத்தின் தரத்தில் இரண்டு உயிர்கள் தங்கியிருக்கின்றன.

நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் அந்தக் கிண்ணங்கள் அனைத்தையும் புதிதாக மாற்றியிருந்தேன்.

எனது வாகனத்தைப் பார்ப்பவர் கட்டுகஸ்தோட்டையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஒரு முதியவர். நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். எனது தந்தையாரின் காலத்தில் அந்தக் கராஜில் கையாளாக நின்றவர். அவர் சக்கரத்தைக் கழற்றி, சிலிண்டரைத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் அழுத்திப் பார்த்தார். அது பிசுபிசுத்து உதிர்ந்தது.

"தம்பி, இது றப்பர் இல்ல. றப்பர் மாதிரி ஒரு சாமான்" என்றார்.

பின்னர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, நான்கு மாதங்களுக்கு முன்னர் அவர் கழற்றிய பழைய கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது. விளிம்பு தேய்ந்திருந்ததே தவிர வேறு குறை இல்லை. புதியது நான்கு மாதம். பழையது பன்னிரண்டு வருடம்.

மலிவானதை வாங்கினேன் என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். விலை கூடியதையே எடுத்தேன். அதன் பொதியில் பிரித்தானியக் கொடி அச்சிடப்பட்டிருந்தது. 'ஒறிஜினல்' என்ற சொல்லும் இருந்தது. உற்பத்தியாளரின் பெயர் இல்லை. நாடு இல்லை. திகதி இல்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் நான். பெயரும் இடமும் திகதியும் இல்லாத செய்தியைக் கொண்டுவந்த எந்த நிருபரையும் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அப்படிப்பட்ட ஒரு பொதிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இது எனது ஒருவனின் அனுபவமாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். பழைய பிரித்தானிய வாகனம் வைத்திருப்போர் உலகில் எங்கிருந்தாலும் இதே முறைப்பாட்டைச் சொல்கின்றனர். டிஸ்ரிபியூட்டரில் சுழலும் ரொட்டர் என்ற சிறிய பிளாஸ்திக் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்குறைந்தவற்றில் நடுவில் அடிக்கப்பட்ட ஆணியின் ஊடாக மின்சாரம் அச்சுக்குக் கசிந்து, எஞ்சின் திடீரென நின்றுவிடும். கொண்டென்சர் என்ற சிறு குழல், குளிரில் வேலைசெய்து சூட்டில் செத்துவிடும். கராஜில் சோதிக்கும்போது நன்றாக இருக்கும். ஹந்தானை ஏற்றத்தில் பாதிவழியில் நின்றுவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் மென்மையான உருக்கில் செய்யப்பட்டிருந்தால் புரி தேய்ந்து, சக்கரம் மடிந்து வீதியில் படுத்துவிடும். மைனருக்கு அது ஆரம்பம் முதலே பலவீனமான இடம். நல்ல உருக்கும் ஒழுங்கான கிறீசும் இருந்தால் மட்டுமே அது தாங்கும்.

ஏன் இப்படி ஆயிற்று? எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இவற்றை ஆதியில் செய்தவர்கள் இன்று இல்லை. மொறிஸ், ஒஸ்ரின் ஆகிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு கம்பனிகளுக்குள் கரைந்தன. 1968 இல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவானது. அந்த வழியில் கடைசியாக எஞ்சியிருந்த எம்.ஜி. ரோவர் 2005 ஏப்ரலில் வீழ்ந்தது. அச்சுகளும் வரைபடங்களும் சிதறின. இன்று ஒரு பாகத்தைச் செய்பவர் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்துச் செய்வதில்லை. முன்னர் யாரோ செய்த ஒரு பிரதியைப் பார்த்துச் செய்கிறார். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது என்ன நடக்கும் என்பது எமது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கையிலும் ஒரு எழுத்து நழுவும்.

இரண்டாவது, அளவு. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் விற்ற காலத்தில் ஒரு சதம் குறைந்த இலாபமும் தொழிற்சாலையை நடத்தப் போதுமானது. இன்று உலகம் முழுவதற்கும் சில ஆயிரம் போதும். அந்த எண்ணிக்கைக்கு நல்ல கலவையும் சோதனையும் செய்தால் விலை ஏறும். ஏறிய விலையில் வாங்க ஆளில்லை என்று வியாபாரி சொல்கிறார்.

மூன்றாவது, பாவனை. மேலை நாடுகளில் இத்தகைய கார்களிற் பல கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வீதிக்கு வருகின்றன. ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடும் காரில் நான்கு மாதத்தில் உதிரும் இறப்பர் நான்கு வருடம் நின்றாலும் நிற்கும். இங்கு நிலைமை அதுவன்று. கண்டியைச் சுற்றிய மலைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சிறு கடைக்காரர்களும் இக்கார்களில் சிலவற்றை இன்றும் அன்றாடத் தேவைக்கு ஓட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுகிறார்கள்.

"புதிய கார் வாங்கலாமே" என்று வெளிநாட்டில் உள்ள நண்பர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழிதிறந்தது 2025 இல். இடையில் 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்தமுடியாமல் நின்றது. டொலரின் பெறுமதி சில வாரங்களில் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்குப் புதிய கார் என்பது பத்திரிகை விளம்பரத்தில் பார்க்கும் படம் மட்டுமே.

பழையதைத் திருத்தி ஓட்டும் கலை எமக்குப் புதிதல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலேயே அது வேரூன்றியது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் இதே ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகமே வராத அந்தக் காலத்திலும், கையில் இருந்த இரும்பு எத்தகையது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். இல்லாத பொருளை அவரால் சமாளிக்கமுடிந்தது. பொய்யான பொருளை எப்படிச் சமாளிப்பது? மேலைப் பூச்சைப் பார்த்து உள்ளே இருப்பதை அறிய எந்தக் கைக்கும் வழியில்லை.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது இனிச் சொல்லப்போவது. ஆசியாவின் இறப்பர்த் தொழிலுக்கு வித்திட்ட இடங்களில் முதன்மையானது இந்தத் தீவு. 1876 இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரந்தூக்கி வாகனங்களுக்கான திண்ம ரயர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் நாமும் ஒன்று. எனது வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இத்தனையும் உள்ள நாட்டில் ஒரு நல்ல பிரேக் கிண்ணத்துக்காக நான் கொடி அச்சிட்ட பொதியை நம்பவேண்டியிருக்கிறது.

எம்மால் முடியாது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், ஒரு காரைப் பல தலைமுறைகளுக்குப் பேணலாம் என்று வாதிட்டவர். அவர் 1990களில் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து தென்னிலங்கையில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். இங்குள்ள கைகள் தகட்டை வளைத்துச் செய்த மைனர்ப் பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. காரைப் படைத்த நாட்டுக்கே பாகம் அனுப்பியவர்கள் நாம்.

ஆகவே எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல. பிரேக், ஸ்ரியரிங், முன்சக்கரத் தாங்கிகள் ஆகிய மூன்று வகைப் பாகங்களின் பொதியில் உற்பத்தியாளரின் பெயர், நாடு, திகதி ஆகியன இல்லாவிடின் அதனை விற்க அனுமதிக்கக்கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. பிஸ்கட் பைக்கற்றில் திகதி கேட்கும் நாடு பிரேக் கிண்ணத்தில் கேட்கக்கூடாதா?

அடுத்தது, எம்மைப் போன்ற உரிமையாளர்களின் பங்கு. தனித்தனியாகக் கடைக்குப் போய் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். ஐம்பது பேர் சேர்ந்து ஓராண்டுத் தேவையை ஒரே தடவையில் பெயர் சொல்லக்கூடிய ஒரு தயாரிப்பாளரிடம் கேட்டால், அல்லது இங்குள்ள ஒரு இறப்பர்ப் பட்டறையிடம் மாதிரியும் அளவும் கொடுத்துச் செய்வித்துச் சோதித்தால், விலையும் தாங்கக்கூடியதாக இருக்கும். பொறுப்பும் ஒருவரின் தலையில் இருக்கும். பழுதடைந்ததை வீசாமல், எங்கு வாங்கியது, எத்தனை மாதம் உழைத்தது என்று எழுதி ஒருவருக்கொருவர் அறிவிக்கவேண்டும். வாசகர்களுள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ளவர்கள், ஊரில் உள்ள தந்தைமாருக்கோ மாமன்மாருக்கோ இத்தகைய பாகங்களை அனுப்பும்போது, மலிவைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து அனுப்புங்கள். அந்தப் பொதி ஏதோ ஒரு மலைப்பாதையில் ஒருவரின் உயிரைத் தாங்கப்போகிறது.

இங்கிலாந்தில் உள்ள ஒரு நண்பர், தயாரித்தவரின் பெயர் பொறித்த கிண்ணங்களை வாங்கி அனுப்பினார். நானா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, வளைத்து, மணந்து பார்த்துவிட்டே பொருத்தினார். வெற்றுப் பொதியில் அன்றைய திகதியை எழுதி அதே பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். பக்கத்தில் உதிர்ந்த அந்தக் கிண்ணமும் இருந்தது.

"அத ஏன் நானா வெச்சிருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"யாராவது விலை கூடுது எண்டு சொன்னா, இதத் தொட்டுப் பாருங்க எண்டு சொல்றதுக்கு" என்றார்.

மனைவி இன்னமும் அந்தக் காரில் ஏறவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு நியாயம் எதுவும் இல்லை.