சங்கில் பெயர் செதுக்கும் மெஷின்: சீட்டுப் பணத்தை எதில் போடுவது?

திருச்செந்தூர், கன்னியாகுமரி போய் வந்த வீடுகளின் ஷோகேஸில் பெயர் எழுதிய சங்கு ஒன்றாவது இருக்கும். கடைக்காரர் கையாலேயே எழுதித் தருவார். அதையே கம்ப்யூட்டர் மெஷினில் செதுக்கிச் சம்பாதிக்கலாம் என்று தூத்துக்குடியில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய் இருக்கிறது. "மெஷின் வாங்கிரலாம்மா" என்கிறான். "வாங்கிட்டு மூலைல போட்டுர மாட்டியேல?" என்று கேட்கிறார் அம்மா.

நியாயமான கேள்வி. இந்த மாதிரி மெஷின்கள் மூலைக்குப் போவதற்கு, தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டுவது ஒரு முக்கியமான காரணம்.

மெஷினுக்குள் நடப்பது இதுதான். வரைந்த டிசைனை 'ஜி-கோடு' என்ற வரிகளாகக் கம்ப்யூட்டர் அனுப்புகிறது. கன்ட்ரோலர் அதை மின்துடிப்புகளாக மாற்றுகிறது. டிரைவர் அந்தத் துடிப்புக்கு ஏற்ற கரன்ட்டை மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் ஒரு சிறு அடி எடுத்து வைக்கிறது. பலரும் கம்ப்யூட்டரும் கன்ட்ரோலரும் உசத்தியாக இருந்தால் போதும் என நினைக்கிறார்கள். உண்மையில், இருப்பதிலேயே மலிவாக முடிகிற சமாச்சாரம் கன்ட்ரோலர்தான்.

நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் உருவாக்கிய 'ஜிஆர்பிஎல்' என்ற மென்பொருள் இலவசம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டிலேயே ஓடும். இது போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது நொடிக்குச் சுமார் 30,000 துடிப்புகள் தரும். சின்ன மெஷின்களில் 1 மி.மீ. நகர 800 துடிப்பு என்ற அமைப்பு சகஜம். அப்படியானால் நொடிக்கு 37 மி.மீ. வரை ஓட்டலாம். சங்கு மாதிரி கடினமான பொருளில் நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் செதுக்கினாலே பெரிய விஷயம். கன்ட்ரோலருக்கு மூச்சு வாங்கப் போவதில்லை.

"மாக்3 போடு, அதுதான் கெத்து" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நல்ல மென்பொருள்தான். ஆனால் லைசென்ஸ் 175 டாலர். இலவசப் பதிப்பு 500 வரியோடு நின்றுவிடும். பேரலல் போர்ட் வழியாக ஓட்ட 32-பிட் விண்டோஸ் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தால், அமெரிக்காவின் தேசிய தர நிறுவனத்தில் பிறந்த மென்பொருளிலிருந்து வளர்ந்த 'லினக்ஸ்சிஎன்சி'யை இலவசமாகப் போடலாம். நிறுவிச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். செமஸ்டர் லீவுக்கு ஏற்ற வேலை.

சரி, பணம் எங்கே போக வேண்டும்? மோட்டார், டிரைவர், பவர் சப்ளை, ஸ்க்ரூ. இங்கேதான் பொருத்தம் பார்க்க வேண்டும், ஜாதகப் பொருத்தத்தைவிடக் கண்டிப்பாக. சின்ன மெஷினில் வரும் ஏ4988 டிரைவர் நன்றாகக் குளிரவைத்தாலும் 2 ஆம்பியர்தான் தாங்கும். "பெரிய மோட்டார் போட்டால் பலம் கூடும்" என்று 3 ஆம்பியர் நீமா 23 மோட்டாரை அதில் மாட்டினால் பலம் வராது, டிரைவர் சூடாகித் திணறும். மோட்டார் அடி தவறும். தவறியது கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. பெயரின் கடைசி எழுத்து கோணலாக முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். பெரிய மோட்டாருக்கு டிஎம்542 போன்ற தனி டிரைவர் வேண்டும். அதையும் அதே ஆர்டுயினோவோடு இணைக்கலாம் என்பதால் சின்னதில் ஆரம்பிப்பதில் நஷ்டமில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கரன்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் போயே போச்சு.

அடுத்த சிக்கல் சங்கின் உருவம். கொற்கை அகழாய்விலேயே அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. தூத்துக்குடிச் சங்குகள் வங்காளத்துக்குப் போய், பிறைவடிவப் பெரிய வாளால் கையாலேயே வளையல்களாக அறுபட்ட கதையை 1914-ல் ஜேம்ஸ் ஹார்னெல் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கைகள் சங்கைத் திருப்பித் திருப்பி அறுத்தன. நம் சின்ன மெஷினுக்கோ மூன்று திசைதான். தட்டையான சிப்பித் துண்டு, மரம், அக்ரிலிக் என்றால் பிரச்னை இல்லை. உருண்டைச் சங்கைச் சுற்றிச் செதுக்க சுழலும் நான்காவது அச்சு வேண்டும், அது ஊனோவின் ஜிஆர்பிஎல்லில் கிடையாது. ஒய் மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுழலும் மோட்டாரை மாட்டி ஒப்பேற்றலாம். முறையாக வேண்டுமென்றால் 'ஃப்ளூயிட்என்சி' ஓடும் இஎஸ்பி32 போர்டு. இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இரண்டு முறை வாங்க வேண்டாம்.

விளம்பரப் படத்தில் தெரியாத செலவு ஒன்று பாக்கி. உப்பளக் காற்று. தூத்துக்குடியில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது மெஷினின் கம்பியும் ஸ்க்ரூவும் தப்புமா? வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும், போர்டுகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒழுங்கான எர்த் இல்லாவிட்டால் ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் யுஎஸ்பி இணைப்பு அறுந்து, பாதியில் நின்ற சங்கு வீணாகும். கரன்ட் கட் ஆனால் மெஷின் தன் இடத்தையே மறந்துவிடும். லிமிட் ஸ்விட்ச் இருந்தால்தான் மறுபடி கண்டுபிடிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான், தள்ளிப்போடக் கூடாது.

ஆக, அந்த 25,000-ஐ மொத்தமாகச் செலவழிக்க வேண்டாம். 3018 வகைச் சின்ன மெஷின், லிமிட் ஸ்விட்ச், ஸ்பிண்டிலின் கரன்ட்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சிவப்பு நிறுத்து பட்டன், கண்ணாடி, மாஸ்க் ஆகியவற்றை வாங்கிவிட்டு, மிச்சத்தை அம்மாவிடமே கொடுத்து வைக்கலாம். மாஸ்க்கை விட்டுவிடக் கூடாது, சங்குத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சமையலறைப் பக்கமும் வேண்டாம். முதல் மாதம் மரப்பட்டறையில் கழிக்கும் துண்டுப் பலகைகளில் பழகட்டும். பத்துப் பெயர்கள் கோணாமல் வந்த பிறகு முதல் சங்கை வைக்கலாம். அதில் யார் பெயர் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.