வியாசர்பாடியும் ஆவடியும்

வியாசர்பாடி ஜீவா நிலையமும் ஆவடியும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்தவை. பேசின்பிரிட்ஜைக் கடந்து அரக்கோணம் நோக்கி விரையும் மின்தொடர் வண்டி இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1960களிலிருந்து டாங்கிகள் உருவாகி வருகின்றன. விஜயந்தா, டி-72, டி-90, அர்ஜுன் என அந்த வரிசை நீள்கிறது. அவற்றின் உடலெங்கும் ஓடும் கம்பிக் கற்றைகளைக் கட்டுவதிலும், அக்கற்றைகளின் முனைகளைப் பூட்டும் உறுதிமிக்க மின் இணைப்பிகளைச் செய்வதிலும் வடசென்னைத் தொழிலாளியின் கைக்கு உரிய பங்கு கிட்டவில்லை. இக்குறை களையத்தக்கது என்பதே நம் கருத்து.

பட்டறைகளில் கனெக்டர், ஹார்னஸ் என்று வழங்கும் இப்பொருள்களைச் சில்லறைச் சரக்கு என எண்ணுவது பேதைமை. அர்ஜுன் மார்க்-1ஏ ஏறத்தாழ 68 டன் எடையுள்ளது. அதன் எஞ்சினும், குறிபார்க்கும் கருவியும், வானொலியும், தீயை உணரும் பொறியும் கம்பிகள் வழியாகவே ஒன்றையொன்று அறிகின்றன. இணைப்பிக்குள் ஓர் ஊசிமுனை அரிப்புற்றால் குறிகாட்டி இருந்தாற்போல் மங்கும். சிறிது நேரத்தில் தானே தெளியும். குழியொன்றில் வண்டி குலுங்கியதும் மீண்டும் மங்கும். முற்றாக அறுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டு விட்டுத் தோன்றும் இப்பழுதோ போர்க்களத்தில் மட்டும் வெளிப்பட்டுப் பணிமனையில் ஒளிந்துகொள்ளும்.

இவ்வேலையின் நுட்பம் கிரிம்பிங்கில் இருக்கிறது. வீட்டு வானொலியைப் பழுது பார்ப்பவர் கம்பி முனையில் ஈயம் பற்றவைத்து அமைதி கொள்ளலாம். அதிர்வில் உழலும் படைக்கருவிக்கு அது பொருந்தாது. உருகிய ஈயம் கம்பியின் இழைகளுக்குள் ஏறி உறைந்து, அது நின்ற இடம்வரை கம்பியை விறைக்கச் செய்கிறது. விறைப்பு முடியும் அந்த ஒரே இடத்தை அதிர்வு ஓயாது மடக்கி இழைகளை ஒடிக்கிறது. ஆதலால், ஊசியின் குழலுக்குள் கம்பியைச் செருகி நாற்புறமும் நெரிக்கிறார்கள்; இதுவே கிரிம்பிங். அழுத்தம் அளவோடு இருந்தால் செம்பிழைகளும் குழலும் காற்றுப் புகாதபடி ஒன்றிவிடும். குறைந்தால் கம்பி கழலும். மிகுந்தால் இழை வெட்டுண்ணும். இரண்டையும் வெளித்தோற்றம் காட்டிக்கொடுப்பதில்லை. நெரிக்கும் கருவியை முறையாக அளவிட்டுச் சரிபார்த்தும், மாதிரி முனைகளை இழுத்துச் சோதித்தும், ஒவ்வொன்றையும் ஏட்டில் பதிந்தும்தான் உறுதி கூற இயலும்.

படைக்கருவிகளில் உலகெங்கும் பெருவழக்காயுள்ள 38999 வகை வட்ட இணைப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் வரிசையில், ஆலிவ் நிறக் காட்மியம் பூசிய வகை, உறைநிலைக்குக் கீழ் 65 பாகை செல்சியசிலிருந்து 175 பாகை வெப்பம் வரை தாங்கவேண்டும். 500 முறை பூட்டித் திறந்தாலும் தளரலாகாது. 500 மணிநேரம் உப்புநீர்த் தூவலில் நின்று காட்டவேண்டும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வீட்டுக்கு இரும்புக் கதவு வைத்தவர்களுக்கு இக்கடைசி நிபந்தனையின் கடுமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

கம்பியில் நேரும் சிறு பிழை எத்துணைக் கொடிது என்பதற்கு 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே வானில் வெடித்துச் சிதறிய டி.டபிள்யு.ஏ. 800 விமானம் சான்று. 230 பேர் மாண்டனர். நடு எரிபொருள் தொட்டியிலிருந்த ஆவி தீப்பற்றியதற்குத் தொட்டிக்கு வெளியே கம்பிகளில் நேர்ந்த மின்குறுக்கே பெரும்பாலும் காரணமாயிருக்கும் என்று விசாரணையாளர்கள் முடிவு கூறினர். அமைதிக்கால வானூர்திக்கே இக்கதி.

இத்தொழிலின் பொருள்வளமும் சிறிதன்று. 1932இல் சிகாகோவில் வானொலிக் குழாய்களுக்குத் தாங்கி செய்யத் தொடங்கிய ஆம்பினால், இரண்டாம் உலகப்போரில் போர்விமானங்களுக்கு இணைப்பிகள் வழங்கி வளர்ந்து, இன்று இத்துறையின் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாக நிற்கிறது. நம் நிலையோ வேறு. டி-72இன் வடிவமைப்பு சோவியத் ஒன்றியத்திலிருந்தும் டி-90இன் வடிவமைப்பு ரஷ்யாவிலிருந்தும் வந்தன. 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்ய உதிரிப்பொருள்களின் வரத்துத் தடுமாறியதை நாடு கண்டது. ஒரு டாங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் படையில் இருக்கும். அதன் இணைப்பியைச் செய்த ஆலை அத்தனை காலம் இருக்கும் என்பதற்கோ, நமக்கு விற்கும் என்பதற்கோ எவர் உறுதி தருவார்?

வடசென்னைக்கு இத்தொழில் புதிதன்று. இதன் உறவுத் தொழில்கள் எல்லாம் இங்கு உள்ளன. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டிகள் செய்யப்படுகின்றன. எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி இந்தியப் படையின் சுமைதாங்கி. காட்டுப்பள்ளியில் கடலோரக் காவற்படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டன. ரயிலும் லாரியும் கப்பலும் கம்பிக் கற்றையின்றி இயங்குவதில்லை. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபின் இவ்வட்டாரத்தில் நிலையான ஆலைவேலை அருகிவிட்டது, கைத்திறன் அருகவில்லை.

தடை எங்கே உள்ளது? முதலாவது, சோதனை. ஆணை கிடைக்குமுன் மாதிரி செய்யவேண்டும்; அம்மாதிரி வெப்பம், அதிர்வு, உப்பு, மின்காந்தக் குறுக்கீடு ஆகிய தேர்வுகளைக் கடக்கவேண்டும். மின்காந்தத் தேர்வுக்குத் தரமணியில் சமீர் மையம் உண்டு. புதிய சோதனைக் கட்டமைப்பு பற்றிய பேச்செல்லாம் நகருக்கு வெளியேயுள்ள வல்லம் வடகாலை நோக்கிச் செல்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையின் உரிமையாளர், வருமா வராதா எனத் தெரியாத ஆணைக்காகக் கைப்பணத்தை இறைத்து நகரின் மறுகோடிக்கு அலைவாரா? 2020இல் ஒன்றிய அரசு 400 கோடி ரூபாயில் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் 75 விழுக்காடு வரை மானியம் தரும் வகையில் அமைந்தது. அதன் ஒரு கிளையேனும் வடசென்னைக்கு வந்தாகவேண்டும்.

இரண்டாவது, சட்டம் தந்ததைக் கை தராமை. ஒன்றிய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் பெறவேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கும் 3 விழுக்காடு பெண்களுக்கும் உரியது. அந்த நான்கு எட்டப்படுவதே இல்லை. உழைக்கும் பட்டியல் சாதி மக்கள் பெருந்திரளாக வாழும் வியாசர்பாடி, 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டியங்கும் கவச ஊர்தி நிறுவனத்திலிருந்து அரைமணிப் பயணத்தில் உள்ளது. தகுதியுள்ள தொழில்முனைவோர் கிட்டவில்லை என்ற சாக்கு இங்கு செல்லாது. தேடிய பின்னன்றோ அதைச் சொல்லவேண்டும்? சிறு நிறுவனத்துக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டமும் ஏட்டளவில் நிற்கலாகாது. செம்பையும் பொன்பூச்சு ஊசியையும் ரொக்கத்துக்கு வாங்குபவர் கடனுக்கு விற்றுப் பிழைக்க முடியாது.

பட்டறை உடையோருக்கும் ஒரு சொல். 'ஒப்பேற்றிவிடலாம்' என்னும் மனப்பான்மையோடு இத்துறையில் கால் வைக்கலாகாது. கருவிச் சோதனை ஏட்டை மாதக் கடைசியில் ஒரே மையில் நிரப்புபவர், மலிவான கம்பியை உயர்ந்த கம்பியின் விலைக்குத் தள்ளிவிடுபவர், இத்தொழிலுக்கு வராமலிருப்பதே நன்று.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் பெருவழி 2019இல் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவைபோல் தனித்தனியே நடக்கின்றன. உப்புத் தூவல், அதிர்வு, வெப்பத் தேர்வுகளுக்கான பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை வியாசர்பாடி வட்டாரத்தில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ நிறுவவேண்டும். வடசென்னை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கம்பிக் கற்றைத் தொழிலுக்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். ஆவடி நிறுவனம் பழைய வண்டிகளின் மாற்றுக் கற்றைகளையேனும் சிறு தொகுதிகளாகப் பிரித்து இப்பட்டறைகளுக்குத் தரவேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே சோதனைக்கூடத்துக்கான ஒதுக்கீட்டைத் தொழில்துறை கேட்டுப் பெறுக.