பதில் வராத துண்டுகள்

“பார்வை மங்கல். நீரிழிவு உண்டு. கண் கிளினிக்கிற்கு அனுப்புகிறேன்.” வெளிநோயாளர் பிரிவில் எழுதிக் கொடுக்கப்படும் துண்டில் பல வேளைகளில் இவ்வளவுதான் இருக்கிறது. எந்தக் கண், எப்போதிருந்து, எவ்வளவு தெரிகிறது என்ற மூன்றுக்கும் அதில் விடை இல்லை. பொத்துவிலில் இருந்து கண் கிளினிக் உள்ள கல்முனைக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். உம்மாவைக் கூட்டிக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வரும் மகன் கொண்டுவருவது அந்தத் துண்டைத்தான். அது ஆங்கிலத்தில் இருப்பதால் அதில் என்ன குறைகிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இது வெறும் எழுத்துவேலைப் பிரச்சினை அல்ல. கண் கிளினிக் வரிசையில் யார் இன்றே பார்க்கப்பட வேண்டியவர், யார் இரண்டு மாதம் காத்திருக்கலாம் என்பதைத் துண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. துண்டு எதுவும் சொல்லாவிட்டால் முந்தி வந்தவருக்கே முதல் நம்பர்.

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் பெரும்போக அறுவடையும் சூடடிப்பும் நடக்கும் நாட்களை எடுத்துக்கொள்ளலாம். துரும்போ நெல்மணியோ கண்ணில் அடிக்கிறது. கருவிழியில் கீறல் விழுகிறது. அதில் பூஞ்சணம் பற்றினால் புண்ணாகிறது. கண் சிவந்தவர் முதலில் போவது பாமசிக்கு. அங்கே கிடைக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்புக் குறையும், வலி அடங்கும், உள்ளே புண் பரவும். இப்படிப்பட்ட புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்பதைத் தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2013இல் சொன்னது: விலை கூடிய வொரிகொனசோலை விடப் பழைய நட்டமைசினே மேல். ஆனால் எந்த மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தால்தான் பயன். “வயலில் அடிபட்டது, ஐந்து நாள், இன்ன சொட்டு விட்டிருக்கிறார்” என்ற ஒரு வரி துண்டில் இருந்தால் அந்த விவசாயி வரிசையின் முன்னால் நிற்பார்.

வரிசையில் நிற்கவே தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். மருதமுனையில் தறியில் இருப்பவருக்கு நாற்பது வயது தாண்டினால் நூலிழை மங்கும். பெரும்பாலும் அது நோயல்ல, வயதுக்கு வரும் வெள்ளெழுத்து. கிட்டப் பார்க்கும் கண்ணாடி போதும். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு இத்தகைய கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வில், கொடுக்கப்படாதவர்களை விட அவர்களின் வேலைத்திறன் ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. 2018இல் அது வெளியானது. தூரப் பார்வை மங்கலுக்கு இன்னோர் எளிய சோதனை உண்டு. ஊசித்துளை போட்ட அட்டையைக் கண்முன் பிடித்து எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னால், பார்வை தெளிவானவருக்குப் பெரும்பாலும் கண்ணாடிதான் தேவை. தெளியாதவரை நிபுணர் பார்க்க வேண்டும். இந்த அட்டைக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்க் காசு கூட இல்லை.

நீரிழிவுக்காரரின் கணக்கு வேறு. 2005–06இல் நடந்த தேசிய ஆய்வே இலங்கையில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே ‘மங்கல்’ என்று எழுதும் வரை காத்திருந்த துண்டு பிந்திய துண்டு.

இதையெல்லாம் சுற்றறிக்கையாக அனுப்பினால் சரியாகிவிடுமா? ஆகாது. வைத்தியர்கள் நிபுணர்களுக்கு நோயாளரை அனுப்பும் முறையை எது திருத்துகிறது என்று உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கை, வழிகாட்டிகளை வெறுமனே அனுப்பி வைப்பதால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. பலன் தந்தவை இரண்டு: இடம்விட்டு அச்சிட்ட படிவம், அனுப்புபவருக்குக் கற்பிப்பதில் நிபுணரே இறங்குவது. வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் டொக்டர் சோம்பேறி அல்ல. கதவுக்கு வெளியே கூட்டம் நிற்கிறது. அவர் அனுப்பியவருக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாவிட்டால், அவரது அடுத்த துண்டு மட்டும் எப்படித் திருந்தும்?

ஒரு பெரிய வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளையும் ஒரே கொத்தாக இணைப்பது என்று 2018இல் சுகாதார அமைச்சு கொள்கை வகுத்தது. நோயாளி மேலே போவதும், விவரத்தோடு திரும்பி வருவதும் அந்த ஏற்பாட்டின் இரண்டு பாதிகள். இரண்டாவது பாதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மதுரையில் 1976இல் டொக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு கட்டிலோடு தொடங்கிய அரவிந்த், 2004 முதல் கிராமங்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. பயிற்சி பெற்ற பெண்ணொருவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்ப, நகரத்தில் இருக்கும் டொக்டர் அங்கிருந்தே நோயாளியோடு பேசுகிறார். பெரும்பாலானோரின் காரியம் ஊரிலேயே முடிந்துவிடுகிறது. கல்முனைப் பிராந்தியத்தில் அவ்வளவு தூரம் போக நாளெடுக்கும் என்றால், நிபுணர் திருப்பி எழுதும் பதில் துண்டிலிருந்து தொடங்கலாம்.

நிபுணருக்கு எழுத நேரம் இல்லை என்பார்கள். நியாயம்தான். ஆனால் மூன்று பெட்டிகளில் ஒன்றுக்குச் சரி போட எவ்வளவு நேரம் வேண்டும்? ‘சரியாக அனுப்பப்பட்டது’, ‘முன்பே அனுப்பியிருக்க வேண்டும்’, ‘கண்ணாடியோடு முடிந்திருக்கும்’. கீழே நோயின் பெயர், தொடர வேண்டிய மருந்து. கண் அழுத்த நோய்க்காரர் நோன்பு மாதத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. இக்கரையோரத்தில் பலரும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது. ‘ரமழானிலும் விடவும்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் சில கண்களாவது தப்பும்.

பெரிய நீலாவணையில் இருந்து பொத்துவில் வரையான கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பில் இருக்கிறது. கொழும்பைக் கேட்காமலே அவர் பணிமனை செய்யக்கூடியவை உண்டு: ஒவ்வொரு வெளிநோயாளர் பிரிவிலும் சுவரில் எழுத்துப் பலகை, அதற்கு நேரே ஆறு மீற்றரில் தரையில் ஒரு கோடு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் உள்ள படிவம், அதன் மறுபக்கத்தில் அந்த மூன்று பெட்டிகள். முதல் தொகுதிப் படிவங்களை அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அனுப்பலாம்.