பெயர்ப்பலகை போதுமா?

ஆயிரம் ரூபாய்! பதிவு பெறாத ஒருவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று கூறிக்கொண்டு, பெயர்ப்பலகை மாட்டி, கட்டணம் வாங்கி, பிறர் மனத்தைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் பிடிபட்டும் போனால், சட்டம் அவருக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் ஆயிரம் ரூபாய்! ஓராண்டு வரை சிறையும் உண்டு என்கிறது 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம். நாம் மறுக்கவில்லை. ஆனால், "சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்" என்று எழுதி வைத்துவிட்ட பிறகு, ஆயிரத்தைக் கட்டிவிட்டு அடுத்த தெருவில் பலகை மாட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம்? ஆறுதல் சொல்வதற்கும் உரிமமா?" என்று கேட்போர் உண்டு. ஆறுதல் சொல்ல உரிமம் வேண்டாம், அய்யா! அது பாட்டி செய்வாள், பக்கத்து வீட்டுக்காரர் செய்வார். ஆனால் சோர்ந்து கிடப்பவன் வெறும் சோர்வில் இருக்கிறானா, சாவை நினைத்துக் கொண்டிருக்கிறானா என்று பிரித்தறிவது ஆறுதல் அல்ல. பள்ளியில் எழுத்துத் தடுமாறும் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறையா, கற்றலில் மட்டும் இடர்ப்பாடா என்று அளந்து கூறுவது ஆறுதல் அல்ல. அது தொழில். தவறினால் ஓர் உயிர் போகும். ஒரு குழந்தையின் வாழ்வு திசைமாறும்.

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். பின்னவர் மருந்து எழுதமாட்டார்; சோதனைகளால் அளப்பார், பேச்சாலும் பழக்கத்தாலும் மனத்தைச் சீர்செய்வார். இவர் பட்டியலில் இடம்பெறுவதற்கு உளவியலில் முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. அதன்மேல் எம்.ஃபில். என்ற பெயரில் ஈராண்டு முழுநேரப் பயிற்சி என்பதே நெடுங்காலம் நிலவிவந்த பாதை. 1955லேயே பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் முன்னோடியில், பட்டயப் படிப்பாகத் தொடங்கியது இது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, பிறர் மேற்பார்வையில் பெற்ற பயிற்சி அடங்கிய ஈராண்டுப் படிப்பைக் குறிப்பிடத் தவறவில்லை.

அந்த ஈராண்டில் என்ன நடக்கிறது? புத்தகத்தில் படித்த நோய் படுக்கையில் புரள்வதைப் பார்க்கிறான் மாணவன். நோயாளியிடம் கேட்டு வரலாறு எழுதுகிறான். ஆசிரியர் அதைக் கிழித்துப் போடாத குறையாகத் திருத்துகிறார். மறுபடி எழுதுகிறான். சோதனை நடத்துகிறான், எண்ணைக் கூட்டிவிட்டால் முடிவு வந்துவிடாது என்று கற்கிறான். பேசுவதைவிடக் கேட்பது கடினம் என்று உணர்கிறான். தவறு செய்யும்போது தடுத்து நிறுத்த மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் - பயிற்சி என்பதன் உயிர்நாடியே அதுதான்! வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி, மூன்றாம் நாள் சான்றிதழ் தரும் கடைகளில் அந்த மூத்தவர் எங்கே? "கவுன்சிலர்" என்று ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறதே, நகராட்சி உறுப்பினர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கடைகளின் பட்டதாரிகளும் அவர்களிலே உண்டு!

ஆகவே, பயிற்சியைக் குறைக்காதே என்கிறோம் நாம். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்பவர்கள் பாதி உண்மையையே பேசுகிறார்கள். கதவுக்குப் பூட்டு வேண்டும், சரி. சாவியை யார் கையில் கொடுத்திருக்கிறீர்கள்?

தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் குறைபாடு உள்ளவர்கள் என்று கணக்குக் காட்டியது. நோயின் வகைக்கேற்ப, அவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் கூறியது. தேவை மலையளவு! பயிற்சி இடங்களோ நிறுவனத்துக்கு மிகச் சில. முதுகலை முடித்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே நிற்கிறார்கள். சில அரசு நிறுவனங்களிலே உதவித்தொகை உண்டு. அங்கே இடம் கிடைக்காதவர் தனியார் நிறுவனத்துக்குப் போனால் இலட்சங்களில் கட்டணம். முழுநேரப் பயிற்சி என்பதால் ஈராண்டுக்கு வேறு வேலையும் பார்க்க முடியாது. நெசவாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் முதுகலை வரை முட்டிமோதி வந்துவிடலாம். இந்த ஈராண்டை எதைத் தின்று கழிப்பார்கள்?

இடங்கள் ஏன் குறைவு? ஒரு பயிற்சியாளரின்கீழ் இத்தனை மாணவர்தான் என்று வரம்பு உண்டு. அது நியாயமான வரம்பு. பயிற்சியாளர் பெருகினால் இடம் பெருகும். பயிற்சியாளர் பெருகவேண்டுமானால் மருத்துவமனைகளில் பணியிடம் வேண்டும். பணியிடம் இல்லை, ஆகவே பயிற்சியாளர் இல்லை. பயிற்சியாளர் இல்லை, ஆகவே மாணவர் இல்லை. மாணவர் இல்லை, ஆகவே பணியிடத்துக்கு ஆள் இல்லை! இந்தச் சுழலை வெட்டவேண்டிய கத்தி ஆட்சியாளர் கையிலே இருக்கிறது.

இதற்கிடையில் விதிகளும் மாறின. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நீக்கியது. பிறகு இந்தத் துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை அதை நீட்டித்தது. பட்டத்தின் பெயர் மாறட்டும், நமக்குக் கவலையில்லை. பெயரை மாற்றும் சாக்கில் மேற்பார்வையில் கழியும் காலத்தைச் சுருக்கிவிடக் கூடாது. படித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளை இரண்டு விதிகளுக்கு நடுவே தொங்கவிடக் கூடாது. மற்ற உளவியலாளர்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவர 2021இல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அது ஏட்டுச் சுரைக்காயாகவும் ஆகக் கூடாது.

மொழியையும் சொல்லியாக வேண்டும். 1905இல் பாரிசில் பினே வகுத்த அறிவுச் சோதனை பிரெஞ்சுக் குழந்தைக்கானது. அதை அப்படியே இங்கே திணிக்கலாகாது என்றுதான் காமத் என்ற அறிஞர் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கேற்ப மாற்றி அமைத்தார். தமிழ்க் குழந்தையைத் தமிழில் அளக்கும் கருவிகள் இன்னும் எத்தனை வேண்டும்! "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "வயித்தைப் பிசையுது" என்றுதான் நம் தாய்மார்கள் துயரைச் சொல்வார்கள். பாடம் முழுவதையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவன் காதில் அந்தச் சொற்கள் நோயின் குறியாக விழவேண்டுமானால், பயிற்சியிலேயே தமிழுக்கு இடம் வேண்டும்.

2001 ஆகஸ்டு 6 - ஏர்வாடியை மறந்துவிட்டோமா? விடுதியிலே சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானார்கள். ஓடித் தப்பக் கால் இருந்தும், கட்டு அவிழவில்லை. பயிற்சி பெற்றவர் எட்டாத இடத்துக்குச் சங்கிலி எட்டிவிடுகிறது! 1794இல் தோன்றிய மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இன்றும் பணியாற்றும் மாநிலம் இது. ஏர்வாடி நடந்ததும் இதே மாநிலத்தில்தான்.

நாம் கேட்பது இவைதாம்: மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளர் பணியிடம், அரசு மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி இடம், பயிலும் ஒவ்வொருவருக்கும் உதவித்தொகை, தமிழில் தரமான சோதனைகள், போலிகளின்மீது, ஆயிரம் ரூபாயோடு முடியாத தண்டனை.

அதுவரை, தோழர்களே, பலகையைப் பார்த்தவுடன் உள்ளே நுழையாதீர்கள். "பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். உண்மையாகப் பயின்றவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பெருமையோடு காட்டுவார். அப்படிக் காட்டக்கூடியவர்கள் உங்கள் ஊரிலே ஏன் இல்லை என்று ஆட்சியாளரையும் கேளுங்கள்!