அந்தக் குரலை முன்பே கேட்டிருக்கிறாயா?

கேரளத்தில், பொன்முடி மலைக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, கல்லாற்றங்கரையில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பம். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் பிறந்தோம்.

தம்பிக்கு 19 வயதில் காதுக்குள் ஓர் ஆள் பேச ஆரம்பித்தான். "வெளியே சொன்னா உங்கம்மா இருக்க மாட்டா" என்று மிரட்டுகிற குரல். முதலில் மந்திரித்துப் பார்த்தோம். இங்கே 'ஊளம்பாறை' என்று சொன்னாலே போதும், பைத்தியம் என்று அர்த்தமாகிவிடும். அரசு மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்தப் பேருக்குப் பயந்து, தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தூக்கம் வருகிறதா, கஞ்சா உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். பெரியப்பாவுக்கு இருந்தது என்றோம். எழுதிக்கொண்டார்கள். மாத்திரையில் குரல் தணிந்தது, போகவில்லை.

11 வருஷம் கழித்து ஒரு சமூகப் பணியாளர் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் கேட்டார்: "இந்தக் குரலை முன்னாடி எங்கேயாவது கேட்டிருக்கியா, மோனே?"

கேட்டிருந்தான். எட்டு வயதில். நாங்கள் மாமா என்று கூப்பிட்ட ஒருவரின் குரல். அதற்குமேல் எழுத மாட்டேன். இவ்வளவும் அவன் சம்மதத்தோடு எழுதுவது.

2012-இல் 'ஸ்கிட்சோஃப்ரினியா புல்லட்டின்' இதழில், 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. சிறுவயதில் பாலியல் கொடுமை, அடி, புறக்கணிப்பு, சக பிள்ளைகளின் துன்புறுத்தல், பெற்றோர் மரணம் போன்றவற்றை அனுபவித்தவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. நோய் வந்த எல்லோரும் அடிபட்டவர்களும் இல்லை. பரம்பரைக்கும் பங்குண்டு, எங்கள் பெரியப்பாவை நான் மறைக்கவில்லை. ஆனால் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டவர்கள், அந்த எட்டு வயதைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.

ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள்.

மனநல ஆஸ்பத்திரியில் நிரப்பும் தாளில், குடும்ப வரலாற்றுக்குப் பக்கத்தில் சிறுவயதுக் கொடுமைகளுக்கும் ஓர் இடம் வேண்டும். நோயாளி பதறிக்கொண்டிருக்கும் முதல் நாளில் தோண்டச் சொல்லவில்லை. கொஞ்சம் தெளிந்தபின், தனியாக, வீட்டார் இல்லாமல் கேளுங்கள். அன்று நான் பக்கத்தில் இருந்திருந்தால் என் தம்பி வாய் திறந்திருக்க மாட்டான். கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. அந்தப் பழைய காயத்துக்கென்று ஒருவர் மாதக்கணக்கில் கூடவே உட்கார வேண்டும். மாத்திரையோடு சேர்த்துத்தான், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

அம்மா இன்னும் அழுகிறாள், கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் நடந்துவிட்டதே என்று. அவள் மேல் என்ன குற்றம்?

மழைக்காலத்தில் ஆறு இரைந்தால் தம்பிக்கு அந்தக் குரல் இன்னும் கேட்கும். முன்பெல்லாம் கதவைத் தாழிடுவான். இப்போது அடுக்களைக்கு வந்து, "அந்த ஆள்தான் அக்கா, வேற ஒண்ணுமில்லை" என்பான். நான் கட்டன் சாயா போடுவேன்.