‘மற்றவை’ என்றொரு பெட்டி

வைப்பின் தீவின் வடகோடியில் உள்ள பள்ளிப்புரத்திலும், நீருக்கு அப்பால் கோதுருத்திலும் சவிட்டு நாடகம் நடக்கும்போது மேடைப் பலகைதான் முதல் தாளக் கருவி. சவிட்டு என்றால் மிதி. ஃபிராங்கியப் பேரரசன் கார்ல்மானாக வேடம் கட்டியவர் பலகையை ஓங்கி மிதிக்கும் ஒலி செண்டையோடு சேர்ந்துதான் காட்சியை நகர்த்துகிறது. பாட்டின் மொழி மலையாளம் கலந்த பழந்தமிழ். ஆட்டம் கற்றுத்தருபவருக்கு இன்றும் அண்ணாவி என்றே பெயர்; ‘கார்ல்மான் சரித’த்தை இயற்றியவராகச் சொல்லப்படுபவரும் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர்தான். இந்த நாடகத்தைப் பதிவு செய்யப் போகும் ஒலிப்பொறியாளர் பலகைக்கு அடியில் ஒரு மைக் வைக்க மறந்தால், பாதி நாடகத்தை மேடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

அப்படி எடுத்த பதிவு ஒன்றை 2024 மே மாதம் வெளியான ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருள் லாஜிக் ப்ரோ 11-இல் உள்ள, கலந்த ஒலியைத் தனித்தனியாகப் பிரித்துத்தரும் ‘ஸ்டெம் ஸ்ப்ளிட்ட’ரில் போட்டால் என்ன ஆகும்? அந்தக் கருவியிடம் அப்போது இருந்தவை நான்கு பெட்டிகள்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. அடுத்த ஆண்டு கிட்டாருக்கும் பியானோவுக்கும் தனிப்பெட்டி கிடைத்தது. மிதியொலி பாதி டிரம்ஸிலும் பாதி பேஸிலும் சிதறலாம். நாதஸ்வரம், வீணை, ஹார்மோனியம், புல்லாங்குழல், வயலின் என்று இந்தப் பக்கத்து மேளக்கச்சேரி முழுவதும் போய்ச்சேரும் இடம் ஒன்றே. ‘மற்றவை.’

செயற்கை நுண்ணறிவின் புதிய ‘ஆக்கும்’ வசதிகள் மீது உலகெங்கும் பயனாளர்கள் காட்டிவரும் வரவேற்பையும் கோபத்தையும் இந்தப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும். அந்தப் பேச்சின் பெரும்பகுதி இயந்திரமா மனிதனா என்ற பட்டிமன்றமாகவே முடிந்துபோகிறது. ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்களின் கணக்கு அப்படி இல்லை. அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

தன் கையில் ஏற்கனவே இருக்கும் ஒலியைத் துடைத்தோ பிரித்தோ சீராக்கியோ தரும் கருவிக்கு எதிர்ப்பு அநேகமாக இல்லை. 2019-இல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற பிரிப்பானை யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் இலவசமாக வெளியிட்டபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. 2023 நவம்பரில் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ வந்ததும் அப்படித்தான். ஜான் லெனன் பியானோவோடு பாடிவைத்த பழைய கேசட்டிலிருந்து அவருடைய குரலை மட்டும் இயந்திரக் கற்றல் பிரித்தெடுத்தது. பாடியவர் லெனன், இயந்திரம் செய்தது சலவை. கிராமியும் கிடைத்தது.

எரிச்சல் கிளம்புவது கையில் இல்லாத ஒலியைக் கருவி தானே கொண்டுவந்து வைக்கும்போது. அதிலும் படிகள் உண்டு. 2013-இல் லாஜிக் ப்ரோ எக்ஸ் ‘டிரம்மர்’ வசதியோடு வந்தது. அதைத் திறந்தவுடன் வாசிக்க உட்காருபவர் பெயர் கைல். உலகத்து டெமோப் பாட்டுகளில் எத்தனை ஆயிரத்துக்கு அந்தக் கைல் வாசித்திருப்பார் என்று யாராவது எண்ணிப்பார்க்கலாம். டிரம் வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள், வீட்டிலிருந்தே பாட்டு எழுதுபவர்கள் மகிழ்ந்தார்கள், பிறகு பழகிப்போயிற்று. 2024-இல் அதே வரிசையில் பேஸ் வாசிப்பவரும் கீபோர்டு வாசிப்பவரும் சேர்ந்தார்கள். பழைய பயனாளர்களுக்கு இலவசம். சிறந்த வாசிப்பாளர்களோடு சேர்ந்து, செயற்கை நுண்ணறிவும் மாதிரி ஒலிகளும் கொண்டு உருவாக்கியவை இவை என்று ஆப்பிள் அறிவித்தது. எத்தனை நாள் வாசிப்புக்கு, எந்த ஒப்பந்தத்தின் பேரில் என்று கேட்பது பயனாளரின் வேலையா என்று சிலர் நினைக்கலாம். அது பயனாளரின் வேலையும்தான் என்பது இவ்விதழின் கருத்து.

அந்த வாசிப்பாளர்கள் பின்தொடர்வது கார்டு வரிசையை. சி மேஜர், ஏ மைனர் என்று எழுதிக்கொடுத்தால் தவறாமல் வாசிப்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில் என்னும் இசைக்கூடலில் ஹார்மோனியக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு. மெஹ்பூபின் பாட்டுகளிலும் 2018-இல் மறைந்த உம்பாயியின் கஜல்களிலும் வளர்ந்த இந்த ஊர்க் காதுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாடகர் அடுத்த சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது அவருக்கே தெரியாது. ஹார்மோனியம் அரை மூச்சுப் பின்னால் வந்து அவரைப் பிடிக்கும். அந்த அரை மூச்சைக் குறிக்க கார்டு ட்ராக்கில் இடம் இல்லை.

பயனாளர்களின் மனம் இரண்டாகப் பிளந்திருப்பதை எண்களும் காட்டுகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இசையுரிமை அமைப்பான ஆப்ரா ஆம்கோஸ் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில் பாட்டெழுதுபவர்கள், இசையமைப்பாளர்கள், வெளியீட்டாளர்கள் என 4,200-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். செயற்கை நுண்ணறிவு படைப்புப் பணிக்கு உதவும் என்றவர்கள் 54 விழுக்காடு. பிழைப்பே போய்விடலாம் என்று கவலைப்பட்டவர்கள் 82 விழுக்காடு. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. அதாவது ஒரே ஆள் இரண்டையும் சொல்கிறார். இதில் முரண் எதுவும் இல்லை. மிக்ஸிங் மேசையில் உட்காரும்போது அவர் பயனாளர். மறுநாள் வேறொருவர் பாட்டுக்கு வாசிக்கப் போகும்போது அவரே கூலி வாங்குபவர்.

2025 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவால் பாட்டு ஆக்கித்தரும் சூனோ நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக்கி ஷுல்மன், இசை அமைப்பதில் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி பெரும்பாலோருக்குப் பிடிப்பதில்லை என்று ஒரு நேர்காணலில் சொன்னார். இசைக்கலைஞர்களிடமிருந்து கிளம்பிய சூடு அவர் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட அதிகம். செண்டையின் முதல் பாடமான கணபதிக்கையைப் பழக மாதக்கணக்காகக் கல்லில் புளியங்கொம்பால் தட்டிய பிள்ளைகள் இருக்கும் ஊரில் அந்தப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வதே கடினம்.

இசைக்கருவி மாற்றம் இந்தத் தென்கரைக்குப் புதிதல்ல. 1982-இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை சிந்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்ட கதையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதைவிடப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியிலேயே ஒரு கதை இருக்கிறது. 1936-இல் இங்கே பிறந்த எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் சிறுவயதில் வறுமையால் பழனி ஆசிரமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு அங்கே இசை படித்தவர். மலையாளத் திரையில் அவர் மெட்டுகளுக்குப் பெரும்பாலும் வாத்திய அமைப்பு செய்துகொடுத்தவர் ஆர்.கே. சேகர். சேகர் 1976-இல் இறந்தார். வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நாள் கழித்தது. 1981-இல் ‘அடிமச்சங்கல’ படத்தில் அந்தக் குடும்பத்துப் பையனை அர்ஜுனன் மாஸ்டர் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தார். பையனுக்குப் பதினான்கு வயது. பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான்.

அவருடைய ‘ரோஜா’ 1992-இல் வந்தபின் கோடம்பாக்கத்தின் பெரிய பதிவுக்கூடங்களில் நாற்பது வயலின்கள் ஒன்றாக உட்காரும் நாட்கள் குறைந்தன. சீக்வென்சரும் சாம்ப்ளரும் வந்த பிறகு ஒரு புரோகிராமர் நடத்திமுடித்தது பலரின் கால்ஷீட்டை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று கீபோர்டு வாசித்தவருக்கும் புரோகிராம் செய்தவருக்கும் கூலி இருந்தது. வாத்தியங்களுக்கு வாடகை இருந்தது. வேலை கைமாறியது, மறையவில்லை. லாஜிக்கின் பேஸ் வாசிப்பவருக்குக் கால்ஷீட்டும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை.

அதே ரஹ்மான் 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த இருவரின் குரலைக் கேட்கவைத்தார். ஷாகுல் ஹமீது 1997-இல் இறந்தவர். பம்பா பாக்யா 2022-இல். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் அனுப்பியதாகவும் அவரே அறிவித்தார். அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் பாட்டின் கதி வேறாகியிருக்கும். அதே சமயத்தில் தெலுங்கில் ‘கீடா கோலா’ படக்குழு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை இதேபோல் எழுப்ப, அனுமதி கேட்கவில்லை என்று அவருடைய மகன் எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் ஒரே வகை. ஒன்று நினைவஞ்சலி ஆயிற்று, மற்றது வழக்கு வாசலுக்குப் போயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘வேட்டையன்’ படத்துக்கு அனிருத் இசையில் ‘மனசிலாயோ’ வந்தது. கொச்சிக்காரர்களுக்கு அந்த மலையாளத் தலைப்பே விருந்து. 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் அதில் ஒலித்தது. கூடவே அவர் மகன் யுகேந்திரனும் பாடியிருந்தார். மகன் நிஜக்குரலில், தந்தை கணினிக் குரலில். கேட்டவர்களில் கண் கலங்கியவர்களும் உண்டு, நெளிந்தவர்களும் உண்டு.

இந்தப் பாட்டுகளைப் பற்றிய பேச்சு முழுவதும் பிரபலக் குரலைச் சுற்றியே நடந்தது. குரல் மாற்றும் கருவிகளின் இயக்கம் தெரிந்தவர்களுக்கு வேறொரு ஆள் கண்ணில் படுவார். பொதுவாக இவ்வகைக் கருவி வெற்றிடத்திலிருந்து பாடுவதில்லை. உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் பாடவேண்டும். மூச்சு, கமகம், சொல்லின் அழுத்தம், தாளத்தில் விழும் இடம் எல்லாம் அவருடையவை. மேலே போர்த்தப்படும் குரல் நிறம் மட்டும் மறைந்தவருடையது. அந்த அடிப்பாட்டுக்காரரின் பெயர் எங்கே அச்சாகும்?

கேரளத்து ஸ்டுடியோக்களில் இந்த ஆளுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: ட்ராக் பாடகர். பெரிய பாடகர் வந்து பாடும் முன், இயக்குநரும் கவிஞரும் கேட்டுப் பார்ப்பதற்காகப் பாட்டை முழுசாகப் பாடி வைப்பவர். சம்பளம் கொஞ்சம், பெயர் வராது. ஆனாலும் மைக் முன் நிற்கப் பழகும் பள்ளிக்கூடம் அதுதான். ட்ராக் பாடி, அந்த ட்ராக்கே பிடித்துப்போய்ப் படத்தில் இடம்பெற்று, மேலே வந்தவர்கள் உண்டு. இப்போது இசையமைப்பாளர் தானே கரகரவென்று பாடிவிட்டு, பிளக்-இன்னில் ஒரு பெண் குரலையோ ஆண் குரலையோ தேர்ந்தெடுத்தால் டெமோ தயார். செலவு மிச்சம் என்று இந்த வசதியைக் கொண்டாடும் பயனாளர் யாரும் கெட்டவர் அல்ல; தயாரிப்பாளர் கொடுக்கும் தொகை அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடம் ஒன்று மூடப்படுகிறது என்பதையும் யாராவது சொல்லவேண்டும்.

சட்டம் இதுவரை கைகொடுத்தது பெயர் பெற்றவர்களுக்கே. 2024 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடையாளம் காணப்படும் குரல் என்பதால் அவருக்கு அந்தப் பாதுகாப்பு. அடையாளம் காணப்படாத தவில்காரரின் தொப்பியடிக்கு எந்த அடையாள உரிமை? 2012 பதிப்புரிமைத் திருத்தம் நிகழ்த்துகலைஞர்களுக்கு உரிமைத்தொகை உண்டு என்கிறது. செஷன் வாசிப்பாளர் கையெழுத்திடும் ஒற்றைப்பக்க ரசீதில் அது எட்டிப் பார்ப்பது அபூர்வம். 2025 டிசம்பரில் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறையின் குழு வெளியிட்ட அறிக்கை, பயிற்சிக்குப் பயன்படும் படைப்புகளுக்குக் கட்டாய உரிமமும் உரிமைத்தொகையும் வரவேண்டும் என்கிறது. படைத்தவருக்குக் காசு உண்டு, ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இல்லை. நல்ல ஏற்பாடா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. யார் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் காசும் பிரியப் போகிறது.

பயனாளர்களின் கூச்சல் வீண் என்று நினைப்பவர்கள் பாட்டுகளைப் பதிவேற்றும் தளமான சவுண்ட்கிளவுடை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதன் விதிமுறைகளில் 2024 பிப்ரவரியில் ஒரு வரி நுழைந்தது. பதிவேற்றும் பாட்டைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வழிவிடும் வரி. ஓராண்டுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 2025 மே மாதம் கண்ணில் பட்டதும் கலைஞர்கள் பாட்டுகளை இறக்கத் தொடங்கினார்கள். அப்படி எதற்கும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, ஒப்புதல் தராதவர் குரலையோ இசையையோ பிரதிசெய்யும் மாதிரிகளுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று வரியை மாற்றி எழுதியது. மாற்றியது சட்டம் அல்ல, படித்துப் பார்த்த பயனாளர்கள்.

ஆகவே இவ்விதழ் தன் அளவில் சிலவற்றைச் செய்ய இருக்கிறது. அடுத்த இதழ் முதல், ஆக்கும் வசதியுள்ள மென்பொருள் எதன் மதிப்புரையிலும் அது எதைக் கேட்டுக் கற்றது, கற்றுத்தந்தவருக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டு கேள்விகளும் விலைக்கு முன்னால் இடம்பெறும். நிறுவனம் பதில் தராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று அச்சாகும். வாசகர்களின் செஷன் குறிப்பேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவமும் வெளிவரும். எந்த ட்ராக்கை யார் வாசித்தார், எதைக் கருவி வாசித்தது, குரல் மாற்றிய இடத்தில் அடியில் பாடியவர் யார் என்பதற்கெல்லாம் அதில் கட்டங்கள் இருக்கும்.

சோதனைக் கோப்புகளும் மாறுகின்றன. நிறுவனங்கள் கொடுத்தனுப்பும் ராக் பாட்டு டெமோக்களை இனிப் பயன்படுத்தப் போவதில்லை. ஒரு நாதஸ்வர-தவில் பதிவு, மட்டாஞ்சேரி மாடியறை ஒன்றில் ஹார்மோனியமும் தபலாவுமாக ஒரு மெஹ்ஃபில், பலகைக்கு அடியில் மைக் வைத்து எடுத்த ஒரு சவிட்டு நாடகக் காட்சி, ஆக மூன்று. கருவி அவற்றைப் பிரித்துக் கொடுத்தபின் ‘மற்றவை’ பெட்டியில் என்னென்ன கிடந்தன என்பதோடுதான் ஒவ்வொரு மதிப்புரையும் தொடங்கும்.